கோவையில் இறங்குவதா, மதுரையில் இறங்குவதா? கொடைக்கானலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

கொடைக்கானலில், வில்பட்டி போகும் வழியில், எங்கள் வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். தொலைபேசியில் அழைப்பவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் ஊருக்குக் கோயம்புத்தூர் விமான நிலையம் பக்கமா, மதுரை விமான நிலையம் பக்கமா?" சிலர் ஒரு படி மேலே போய், "அந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறிக்கொள்ளலாமா?" என்பார்கள்.

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: கிலோமீட்டரைக் கேட்காதீர்கள், மணியைக் கேளுங்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் டிக்கெட் எடுத்துவிட்டு, இருட்டில் குழந்தைகளோடு மூடுபனிக்குள் மாட்டிக்கொண்டவர்களையும், விமானத்தைத் தவறவிட்டவர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன். என் சொந்தக்காரப் பெண்ணே அப்படித் தவறவிட்டாள். அதைப் பின்னால் சொல்கிறேன். டிக்கெட் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் வரைபடத்தில் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள்

கோவை விமான நிலையம் பீளமேட்டுப் பக்கம், அவிநாசி சாலையை ஒட்டி இருக்கிறது. மதுரை விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே, பெருங்குடிக்கு அருகில். வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் நீளம் சுமார் 175 கிலோமீட்டர் வரும். அந்த நூல் கிட்டத்தட்ட பழனி ஊர் மேலேயே போகும். கொடைக்கானல் அந்த நூலுக்குத் தென்மேற்கே இருபது கிலோமீட்டர் தள்ளி, மலை மேல் இருக்கிறது. அதாவது இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவில் எங்கள் மலைதான் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. பறவை பறக்கிற கணக்கில் மதுரை விமான நிலையத்திலிருந்து கொடைக்கானல் 80 கிலோமீட்டர், கோவை விமான நிலையத்திலிருந்து 100 கிலோமீட்டர்.

இணையத்தில் தூரம் காட்டும் கருவிகள் இந்த 175-ஐத்தான் எடுத்துக்கொண்டு, "விமானத்தில் நாற்பது நிமிடம்" என்பது போல ஒரு நேரத்தையும் பக்கத்தில் போட்டுக் காட்டும். அந்த நாற்பது நிமிடத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். டிக்கெட் தளத்தில் கோவையையும் மதுரையையும் எதிரெதிரே போட்டுத் தேடினால் சென்னை போன்ற ஊர் வழியாகச் சுற்றிப் போகும் டிக்கெட்டுகள்தான் வரும். சென்னைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல், அங்கே காத்திருப்பு, மறுபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று அரை நாள் போய்விடும்.

தரை வழியில் ஒரு விமான நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குச் சுமார் 225 கிலோமீட்டர். காரில் நாலரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று போகும் வழி. மலை ஏறாமல் இரண்டுக்கும் நடுவே போக வேண்டியவர்களுக்கு ரயிலும் உண்டு. கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல் வழியாக மதுரைக்குப் போகும் ரயில் அது. பழனிக்கு முன்னும் பின்னும் வலது பக்க ஜன்னலில் எங்கள் மலைத்தொடர் நீலமாகக் கூடவே வரும். நேரம் இருப்பவர்கள் அந்தப் பயணத்தைத் தவறவிட வேண்டாம்.

சமவெளியையும் மலையையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள்

இதுதான் முக்கியமான படி. கொடைக்கானலுக்கு வரும் எந்த வழியையும் இரண்டாக வெட்டிப் பாருங்கள்: மலை அடிவாரம் வரை ஒரு கணக்கு, அடிவாரத்திலிருந்து மேலே மற்றொரு கணக்கு. சமவெளியில் ஊர்கள், சுங்கச்சாவடி, டீக்கடை எல்லாம் சேர்த்து மணிக்கு 45 முதல் 50 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளலாம். மலையில் 25 முதல் 30. எவ்வளவு நல்ல வண்டியானாலும், எவ்வளவு கை தேர்ந்த ஓட்டுநரானாலும் இதற்கு மேல் கணக்குப் போடாதீர்கள். கொண்டை ஊசி வளைவுக்கு எந்த வண்டியும் ஒன்றுதான்.

மதுரைப் பக்கம்: விமான நிலையத்திலிருந்து மண்டேலா நகர் சந்திப்பு வந்து, சுற்றுச்சாலையில் கப்பலூர், பிறகு நான்குவழிச் சாலையில் சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு. மதுரை நகருக்குள் நுழையவே வேண்டியதில்லை. கொடைரோட்டிலிருந்து மேற்கே திரும்பினால் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு. இதுவரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் சுமார் 60 கிலோமீட்டர். காட்ரோடு தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். இதற்கு இரண்டு மணி நேரம். ஆக மொத்தம் 130 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம்.

கோவைப் பக்கம்: விமான நிலையத்திலிருந்து பொள்ளாச்சி வழியாகவோ பல்லடம் வழியாகவோ உடுமலை, அங்கிருந்து மடத்துக்குளம், பழனி. சுமார் 110 கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். பழனியிலிருந்து மலைப்பாதை 64 கிலோமீட்டர். வரதமாநதி அணையைத் தாண்டி ஏறினால் சவரிக்காடு, வடகவுஞ்சி என்று வந்து பெருமாள்மலையில் வத்தலக்குண்டுச் சாலையோடு சேரும். இதற்கும் இரண்டேகால், இரண்டரை மணி நேரம். மொத்தம் 175 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம்.

பழனிப் பாதை வத்தலக்குண்டுப் பாதையை விடக் குறுகல். எதிரே பேருந்து வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். கடைகளும் குறைவு. ஆனால் காடு அடர்த்தி, அழகு அதிகம். முதல்முறை சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு நான் வத்தலக்குண்டு வழியைத்தான் சொல்வேன். அதில் கடைகள், மனித நடமாட்டம், பழுது பார்க்கும் ஆட்கள் எல்லாம் உண்டு. டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தினால் எதிரே எலிவால் அருவி வெள்ளை நூலாகத் தொங்குவது தெரியும். 297 மீட்டர் உயரம். தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி.

இந்தச் சாலை வருவதற்கு முன்பு மேலே வர விரும்பியவர்கள் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். இன்றைய கொடைரோடு நிலையம்தான் அது. அங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை வந்து, அதன்பின் நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ மலை ஏறியிருக்கிறார்கள். மூன்றரை மணி நேரம் நீளமாகத் தோன்றும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் மதுரை. ஒன்றரை மணி நேரம் மிச்சம், சாலையும் அகலம். ஆனால் இதை வைத்து மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். நீங்கள் புறப்படும் ஊரிலிருந்து எந்த நேரத்துக்கு விமானம் இருக்கிறது என்று பாருங்கள். காலை பத்து மணிக்குக் கோவையில் இறங்குவது, மாலை நான்கு மணிக்கு மதுரையில் இறங்குவதை விட ஆயிரம் மடங்கு மேல். முன்னதில் பொழுது சாயுமுன் அறையில் இருப்பீர்கள். பின்னதில் இருட்டில் மலை ஏற வேண்டும், அல்லது மதுரையில் அறை எடுக்க வேண்டும். திருச்சி விமான நிலையம் இங்கிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர். வெளிநாட்டிலிருந்து நேராக அங்கே வருகிறவர்களுக்கு மட்டும் அது பொருந்தும்.

நான்கு மணி விதி

எங்கள் வீட்டில் இதை விதியாகவே வைத்திருக்கிறோம்: மாலை நான்கு மணிக்குள் மலை அடிவாரத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேலாகிவிட்டால் கீழேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில் ஏறுங்கள். அன்றைய வாடகையை நாங்கள் கேட்பதில்லை. டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாலையானாலே மூடுபனி இறங்கிவிடும். பெருமாள்மலைக்கு மேலே சில நாட்களில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியும், வண்டி தெரியாது. அந்த நேரத்தில் முகப்பு விளக்கைப் பிரகாசமாக வைத்தால் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். விளக்கைத் தாழ்த்தி வைத்து, இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். பழகியவர்களுக்கே தோள் வலிக்கும் வேலை அது.

இந்த விதியைப் பின்னோக்கிப் போட்டால், மதுரையில் பிற்பகல் இரண்டு மணிக்குள் விமானம் தரையிறங்க வேண்டும் என்று வரும். இறங்கி, பெட்டி எடுத்து, வண்டி ஏற அரை மணி. வத்தலக்குண்டுக்கு ஒன்றரை மணி. கோவையில் என்றால் பகல் ஒரு மணிக்குள். நடுவே உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக. விமானங்கள் தாமதமாவது வழக்கம் என்பதால், அந்தக் கடைசி நேரத்தை ஒட்டி டிக்கெட் எடுக்காமல் ஒரு விமானம் முன்னதாகவே பாருங்கள்.

வண்டி, வாடகை, இ-பாஸ்

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் போட்டார்கள். பாஸ் வண்டி எண்ணுக்குத்தான் கொடுக்கப்படும், ஆளுக்கு அல்ல. விமான நிலையத்தில் இறங்கிய பிறகு கிடைக்கும் வாடகை வண்டியைப் பிடிக்கலாம் என்று வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். முன்தினமே வண்டியைப் பேசி, எண்ணை வாங்கி, ஓட்டுநரை எடுக்கச் சொல்லியோ நீங்களேயோ பாஸ் எடுத்துவிடுங்கள். விண்ணப்பிக்கும்போது தங்கும் இடம், வரும் நாள், போகும் நாள் கேட்கும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

வாடகை பேசும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். கீழே இருந்து மேலே கொண்டுவிடும் வண்டி வெறுமனே திரும்ப வேண்டும் என்பதால், பெரும்பாலும் போக வர இரண்டு பக்கக் கிலோமீட்டருக்கும் கணக்குப் போடுவார்கள். அது நியாயமும்கூட. ஓட்டுநர் பேட்டா, மலைக்கான கூடுதல் கட்டணம், சுங்கம், நகராட்சி நுழைவுக் கட்டணம், நிறுத்தக் கட்டணம் இவையெல்லாம் அந்தத் தொகைக்குள்ளா, வெளியேயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, குறுஞ்செய்தியாகவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு, அதை யாரும் கேட்பதில்லை: "ஓட்டுநருக்கு மலைப்பாதை பழக்கமா?" சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பாதி வழியில் ரப்பர் கருகும் வாடை வரும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதும், ஏறிவரும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வண்டி மஞ்சள் எண் பலகை உள்ளதாக இருக்கட்டும்.

பேருந்து போதும் என்பவர்களுக்கு: மதுரை விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வந்து ஆரப்பாளையம் பேருந்து நிலையம் போங்கள், கொடைக்கானல் பேருந்து அங்கிருந்துதான். நேர் பேருந்து கிடைக்காவிட்டால் வத்தலக்குண்டு வந்து மாறலாம். கோவையில் உக்கடத்திலிருந்து பழனிக்கு, பழனியில் மாறி மேலே. இரண்டிலும் கார் கணக்கோடு ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மாலைக்கு மேல் மலையேறும் பேருந்துகள் குறைந்துவிடும்.

ஏறும்போது உடம்பு

மதுரை விமான நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். மூன்றரை மணி நேரத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் செங்குத்தாக மேலே வருகிறீர்கள், அதில் பெரும்பகுதி கடைசி இரண்டு மணி நேரத்தில். காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். உங்கள் பையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். வத்தலக்குண்டில் வாங்கும்போது தளர்வாக இருந்தது, வழியில் ஊத்து என்ற மலை ஊரைத் தாண்டுவதற்குள் தலையணை போல உப்பிவிடும். காது அடைப்பதும் அதே காரணத்தால்தான். பறக்கும் விமானத்துக்குள்ளும் ஏறக்குறைய எங்கள் ஊர் உயரத்து அழுத்தத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். எச்சிலை விழுங்கினால் காது திறந்துகொள்ளும். கைக்குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள்.

வாந்தி வரும் பழக்கம் உள்ளவர்கள் அடிவாரத்தில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம். இரண்டு இட்லி போதும். முன் இருக்கையில் உட்காருங்கள், தூரத்து மலையைப் பாருங்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள். எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். ஸ்வெட்டரைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, பெருமாள்மலையில் நடுங்கிக்கொண்டு பெட்டியைத் திறப்பவர்கள் பலர். அதைக் கைப்பையில் வையுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பிக் கொண்டுவாருங்கள்.

திரும்பும் நாள்தான் ஆபத்தான நாள்

வரும்போது தாமதமானால் ஒரு மாலைப்பொழுது போகும். போகும்போது தாமதமானால் டிக்கெட்டே போய்விடும்.

என் அக்கா மகள் ஒருமுறை கோவையிலிருந்து பதினொரு மணி விமானத்துக்குப் புறப்பட்டாள். நான்தான் கூடப் போனேன். கைப்பேசி வரைபடம் நாலு மணி பத்து நிமிடம் என்று காட்டியது. அதை நம்பி, "ஐந்துக்குக் கிளம்பினால் ஒன்பதே காலுக்குப் போய்விடலாம்" என்று சொன்னது நான். வடகவுஞ்சி தாண்டிய இறக்கத்தில் இரவு மழையில் சாய்ந்த மரம் ஒன்று குறுக்கே கிடந்தது. முன்னால் ஒரு காய்கறி லாரி, அதற்கு முன் ஒரு பேருந்து. கிராமத்து ஆட்கள் நான்கு பேர் அரிவாளோடு வந்து கிளைகளைக் கழித்து, கயிறு கட்டி இழுத்து, ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி செய்தபோது ஒன்றேமுக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அந்த மனிதர்கள் கூலி கூட வாங்கவில்லை. பழனியில் இறங்கி, உடுமலைக்கு அப்பால் சாலையின் இரு பக்கமும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்த இடத்தில் மணி பார்த்தேன்: பத்தே கால். அவள் எதுவும் சொல்லவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் காலை வேலையில் சேர வேண்டியவள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்துதான் வருகிற எல்லோருக்கும் இந்தக் கணக்கை உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறேன்.

கணக்கு இப்படி: விமானம் புறப்படும் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்தைக் கழியுங்கள், உள்நாட்டுப் பயணம் என்றால். வெளிநாடு என்றால் மூன்று. அது நீங்கள் விமான நிலைய வாசலில் நிற்க வேண்டிய நேரம். அதிலிருந்து பயண நேரத்தைக் கழியுங்கள்: மதுரைக்கு மூன்றரை, கோவைக்கு ஐந்து. இன்னும் ஒன்றரை மணி நேரத்தை மலைக்கென்று கழியுங்கள். இறக்கம் என்பதால் நேரம் குறையும் என்று நினைக்காதீர்கள், வளைவுகள் அதேதான். மதுரையிலிருந்து மாலை மூன்று மணி விமானம் என்றால் காலை எட்டுக்குக் கிளம்ப வேண்டும். கோவையிலிருந்து நான்கு மணி விமானம் என்றால் ஏழரைக்கு.

மதுரையில் பகல் ஒரு மணிக்கு முந்தைய விமானம், கோவையில் இரண்டரை மணிக்கு முந்தைய விமானம் என்றால் விடியுமுன் மலை இறங்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட டிக்கெட் இருந்தால் முந்தைய நாள் மதியமே இறங்கிவிடுங்கள். மதுரைப் பக்கம் நகரிலேயே தங்கலாம். கோவைப் பக்கம் பழனியில் தங்கினால் மலைக்கோயில் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு தூங்கலாம். விடிகாலையில் இரண்டரை மணி நேரச் சமவெளிப் பயணம்தான் மிச்சம். அக்கா மகள் இப்போதெல்லாம் அப்படித்தான் செய்கிறாள்.

மலையில் வழி அடைபட்டால் மாற்று வழியும் தெரிந்திருக்க வேண்டும். வத்தலக்குண்டுச் சாலையின் கீழ்ப்பகுதி அடைபட்டால் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, சித்தரேவு வழியாக இறங்கலாம். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை, ஒரு மணி நேரம் கூடும். பெருமாள்மலையிலிருந்து அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கும் ஒரு பாதை உண்டு. குறுகலானது, மழையில் மண் சரியும்; உள்ளூர் ஓட்டுநர் இல்லாமல் அதில் போக வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது எங்கு பார்த்தாலும் மரங்கள் விழுந்து கிடந்தன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகிறவர்கள் நாள் மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுப்பது நல்லது.

ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறுவது

கேட்பவர்களுக்கு நான் சந்தோஷமாகச் சரி சொல்லும் திட்டம் இது. மலையின் இரண்டு முகத்தையும் பார்த்துவிடலாம். காலை விமானத்தில் கோவையில் இறங்கி, பழனியில் ஓர் இரவு தங்கி முருகனைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை காட்டு வழியாக மேலே வாருங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து வத்தலக்குண்டு வழியாக இறங்கி, மதுரையில் மீனாட்சியம்மனைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். சாலையில் மொத்தம் 305 கிலோமீட்டர், எட்டரை மணி நேரம். ஆனால் மூன்று துண்டுகளாக. ஒரே வண்டியை நாள் கணக்கில் பேசி வைப்பதை விட, இரண்டு பக்கமும் தனித்தனி வண்டி எடுத்தால் செலவு குறையலாம். கொடைக்கானலில் நின்றிருக்கும் உள்ளூர் வண்டிகளில் இறங்கினால் ஓட்டுநருக்கு மலை நன்றாகத் தெரிந்திருக்கும் என்ற நிம்மதியும் உண்டு. மேலே ஏறி வரும் ஒவ்வொரு வெளியூர் வண்டிக்கும் தனி இ-பாஸ் என்பதை மறக்க வேண்டாம்.

இந்தத் திட்டத்துக்கு நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் முந்தைய பத்து நாட்கள் பழனிக்குப் போகும் சாலைகள் எல்லாம் பாதயாத்திரை பக்தர்களால் நிறைந்திருக்கும். பச்சையும் மஞ்சளும் உடுத்தி, காவடி தூக்கி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் நடப்பார்கள். பின்பக்கம் ஒட்டிய ஒளிரும் பட்டைதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. அந்த நாட்களில் கோவை வழிக் கணக்கு முற்றிலும் மாறும். வேகத்தைக் குறைத்து, அவர்களுக்கு வழி விட்டுத்தான் போக வேண்டும். அப்போது வருகிறவர்களுக்கு மதுரை வழியே நல்லது. மே மாதம் எங்கள் ஊரில் கோடை விழாவும் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் நடக்கும். சனி, ஞாயிறுகளில் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே வண்டிகள் வரிசையில் நிற்கும். கடைசி எட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆன நாட்களும் உண்டு. செவ்வாய், புதன் கிழமைகளில் வந்தால் இந்தக் கட்டுரையில் சொன்ன நேரங்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கடைசியாகப் பெட்டி கட்டும் விஷயம். பழனிப் பஞ்சாமிர்த டப்பாவைக் கைப்பையில் வைக்காதீர்கள். கூழ் போன்ற பொருள் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவைத்துவிடலாம், பிரசாதத்தை அங்கே விட்டுவிட்டு வர மனம் வராது. துணியில் சுற்றி, மேலே ஒரு பையும் போட்டு, ஒப்படைக்கும் பெட்டிக்குள் வையுங்கள். மலைப்பூண்டுக்கு எந்தத் தடையும் இல்லை, ஆனால் வாசனை துணியில் ஏறாமல் இருக்க இரண்டு காகிதப் பையில் கட்டித் தரச் சொல்லுங்கள். யூகலிப்டஸ் தைலம் தீப்பற்றும் பொருள். விமானத்தில் அது சிக்கல். பஸ்ஸிலோ ரயிலிலோ திரும்பும் உறவினர் யாராவது இருந்தால் அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள்.